காத்து பிரிஞ்சுதா?

குடலில் அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கும் கேள்வி இது. சிரிப்பு வரலாம். ஆனால் வெட்டித் தைத்த குடல் மறுபடி அசையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தக் காற்றுதான் சாட்சி. முன்பெல்லாம் அதற்காக நாள்கணக்கில் காத்திருப்பார்கள்: மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

இந்தப் பழக்கத்தை டென்மார்க்கில், கோபன்ஹேகன் அருகே ஹ்விடோவ்ரே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் கேள்வி கேட்டார். பெருங்குடலில் ஒரு பகுதி அகற்றப்பட்ட 16 பேரைப் பற்றி 1999இல் எழுதினார். அவர்களில் குறைந்தது பாதிப் பேர் இரண்டு நாளுக்குள் வீடு திரும்பியிருந்தார்கள். அதுவரை ஒரு வாரம், பத்து நாள் என்பதே வழக்கம்.

அப்படி என்ன செய்தார்? புது மருந்து எதுவும் இல்லை. அறுவை சிகிச்சையில் கையை வைத்ததுமே குடல் முடங்கிவிடும். சிறுகுடல் சில மணி நேரத்திலும் பெருங்குடல் இரண்டு மூன்று நாளிலும் தானாகவே விழித்துக்கொள்ளும். ஆனால் நம் வைத்தியமே அதற்குக் குறுக்கே நின்றது. வலிக்குப் போடும் மார்ஃபின் குடல் நரம்புகளையும் சேர்த்து மந்தமாக்கும். டிரிப்ஸில் ஏறும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. மூன்று லிட்டர் ஏற்றினால் 27 கிராம். அந்த உப்பும் நீரும் தேங்கிக் குடல் சுவரே வீங்கிவிடும். வீங்கிய குடல் எப்படி அசையும்?

ஆகவே முதுகுத்தண்டு வழியே மரத்துப்போகும் ஊசி, பாராசிட்டமால், அளவான டிரிப்ஸ், அன்றைக்கே எழுந்து உட்காருவது, நடப்பது, சீக்கிரமே சாப்பிடத் தொடங்குவது. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடுவதும் போயிற்று. மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த பானம் குடிக்கலாம். அதில் மாவுச்சத்து கலந்து கொடுத்தால், பட்டினியாலும் கத்தியாலும் இன்சுலின் வேலை செய்யாமல் போவது ஓரளவு குறைகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, சீக்கிரம் சாப்பிட்டால் தையல் பிரிந்துவிடாதா? பழைய பயம் அதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நாம் வாயைக் கட்டினாலும் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் என்று லிட்டர் லிட்டராகக் குடலுக்குள் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தாங்கும் தையலுக்கு ஒரு தம்ளர் கஞ்சி பெரிய பாரமா?

சில இடங்களில் சூயிங்கம்கூடக் கொடுக்கிறார்கள். வாய் மென்றால் சாப்பாடு வருகிறது என்று மூளை வேகஸ் நரம்பு வழியே குடலுக்குத் தகவல் அனுப்பும். சீக்கிரமே சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு இதனால் பெரிய கூடுதல் லாபம் இல்லை. உண்மையான சாப்பாடு வரும்போது பொய்த் தகவல் எதற்கு?