கடை ஒட்டிய பலகை வீடு: கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சிட்னியின் பால்மெயின் பகுதியில், ஒரு சிறிய பலகை வீடும் அதன் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய கடையுமாகச் சில கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. நகர மையத்தில் செங்கல் அல்லது கல் சுவர்தான் எழுப்ப வேண்டும் என்று 1830களின் இறுதியிலேயே வந்த கட்டடச் சட்டம் பால்மெயினை எட்டவில்லை. ஆகவே, 1855இல் திறக்கப்பட்ட மோர்ட்ஸ் டாக் போன்ற கப்பல் பட்டறைகளை நம்பிக் குடியேறிய உழைப்பாளிகள் மலிவான மரத்திலேயே வீடு கட்டிக்கொள்ள முடிந்தது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கும் என்னிடம், இத்தகைய வீட்டை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "பழைய பலகைதானே சார், இதில் என்ன பாரம்பரியம்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. தி ராக்ஸ் பகுதியில் 1844இல் கட்டப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் சுசன்னா பிளேஸ் வரிசை வீடுகளிலும் மூலைக்கடை உண்டு. ஆனால் அவை செங்கல் வீடுகள், நிலைத்துவிட்டன. பலகைக் கட்டடமோ ஒரு உரிமையாளரின் அவசரத்தில் ஒரே நாளில் காணாமல் போகக்கூடியது. அழகு, அரிதான தன்மை, ஆராய்ச்சிப் பயன், சமூகப் பிணைப்பு என நியூ சவுத் வேல்ஸில் பார்க்கப்படும் அளவுகோல்களில், மாளிகையின் பிரமாண்டத்தைக் கேட்பது ஒன்றுகூட இல்லை.

இவ்வகைக் கட்டடத்தின் வரலாறு பெரும்பாலும் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரில்தான் இருக்கிறது. கடையின் உட்புறப் பூச்சுத் தகட்டை ஓர் ஓரத்தில் மட்டும் கழற்றிப் பார்க்கும்போது, ஒன்றின்மேல் ஒன்று படிந்த வெளிச்சுவர்ப் பலகைகள், வெயிலும் மழையும் பட்டு வெடித்த பெயிண்டோடு அப்படியே இருந்தால், வீடுதான் முதலில் வந்தது, கடை பிறகு சேர்ந்தது என்று துணிந்து சொல்லலாம். ஆணியையும் பாருங்கள்: சதுர வெட்டுள்ள பட்டை ஆணி பழைய வேலையையும், உருண்டைக் கம்பி ஆணி பெரும்பாலும் பிற்கால வேலையையும் காட்டும். சுவர்த்தாளுக்கு அடியில் ஒட்டிய செய்தித்தாளில் தேதி கிடைத்தால் அது எங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். தரைப்பலகையின் தேய்மானத்தைக் கொண்டே கல்லாமேசை நின்ற இடத்தையும் ஊகிக்க முடியும். இவற்றையெல்லாம் படமெடுத்து, அளந்து, வரைந்த பிறகே எதையும் அகற்ற வேண்டும். "திறந்தவெளி அறை" ஆசையில் முதலில் இடிபடுவது அந்த நடுச்சுவர்தான் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

உடல்நலம் குறித்தும் ஓர் எச்சரிக்கை. 1970க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பின்னாளில் ஒட்டிய சிமென்ட் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதனைக்கு அனுப்பாமல் உடைக்காதீர்கள். பலகைகளின் மேல் அலுமினியம் அல்லது வினைல் உறை போர்த்தினால் வீடு புதிதாகத் தெரியும், ஆனால் ஈரம் உள்ளே சிக்கி மரம் மக்கும். அடித்தூண்களின் தலையில் கவிழ்த்திருக்கும் தகரத் தகடுகளைத் துருப்பிடித்தது என்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அவை கரையானைக் கொல்வதில்லை. கரையான் தகட்டைச் சுற்றி மண்குழாய் கட்டி வெளியே வரும்படி செய்து, அதை நம் கண்ணில் படவைக்கின்றன. துருப்பிடித்ததை மாற்றுங்கள், இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கட்டடம் உள்ளூர் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால், சிறு பராமரிப்புக்குக்கூட முதலில் கவுன்சிலுக்குத் தெரிவித்து, முழு அனுமதி தேவையில்லை என்ற எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற வேண்டும். கடையை மூடிவைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. குடியிருப்பு மண்டலத்தில், மண்டல விதி வருமுன்பே இருந்ததால் கிடைத்த பழைய உரிமையின் பேரில் மட்டும் நடந்துவந்த கடை தொடர்ந்து 12 மாதங்கள் செயல்படாவிட்டால், அந்த உரிமை கைவிடப்பட்டதாகவே சட்டம் அனுமானிக்கும். அப்போதும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை: பட்டியலிட்ட கட்டடத்தின் பாதுகாப்புக்கு உதவும் என்று நிறுவினால், மண்டல விதி தடுக்கும் பயன்பாட்டையும் அனுமதிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இருக்கிறது. அந்த விண்ணப்பத்துக்கு, கட்டடத்தின் சிறப்பு என்ன, அதை எப்படிக் காப்பது என்று விளக்கும் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அதற்கான ஆதாரம் மேலே சொன்ன நடுச்சுவரிலும் ஆணிகளிலும்தான் இருக்கிறது.