‘ஸ்ட்ரெட்ச் பண்ணு’ – தமிழில் என்ன சொல்வது?

சென்னை ஐ.டி. அலுவலகங்களில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் புழங்கும் சொல் இது. பையைத் தோளில் மாட்டியிருப்பீர்கள், கேப் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும், டீம் லீட் நாற்காலியை உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து “இன்னிக்கு மட்டும் கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் பண்ணிக்கோப்பா” என்பார். முடியும்போது இரவு பதினொன்று. டைம்ஷீட்டில் 13 மணி நேரம் என்று போட்டால், 8 ஆக மாற்றச் சொல்லித் திரும்பி வரும். எனக்கு முதல் வருடத்தில் இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை நானே 8 என்று போட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தில் இழுத்தல், நீட்டுதல், சோம்பல் முறித்தல், அவ்வளவுதான் பொருள். அலுவலகத்துக்குள் வந்ததும் நேரத்தை மட்டும் நீட்டுவது என்றாகிவிட்டது. ‘ஓவர்டைம்’ என்று யாருமே சொல்லமாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? அது காசு கேட்கும் சொல். ஆலையில் ‘ஓ.டி. பார்த்தேன்’ என்றால் கூலி உண்டு. ஒரு நாளில் 9 மணி நேரமோ வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால் இருமடங்கு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டமும் இருமடங்கு என்றுதான் சொன்னது, ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை விட்டுவிட்டது. (நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் அசிஸ்டென்ட் மேனேஜர் பட்டம் கிடைப்பது ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

சரி, தமிழ்ச் சொல். ‘ஊதியமற்ற மிகைநேரப் பணி’ அரசாணைக்குப் பொருந்தும், வாயில் வராது. ஜப்பானியர் ‘சாபிசு சாங்க்யோ’ என்கிறார்கள். சாங்க்யோ என்றால் மிகைநேர வேலை. சாபிசு நம் ‘சர்வீஸ்’தான், ஆனால் கடைக்காரர் காசு வாங்காமல் சேர்த்துக் கொடுப்பதற்கும் அங்கே அதே சொல். அதாவது கொசுறு! தெலுங்கு ‘கொசரு’விலிருந்து நமக்கு வந்தது, காய்கறி வாங்கி முடித்ததும் பையில் விழும் இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை. ‘கொசுறு வேலை’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் கடைக்காரர் மனசு வைத்தால்தான் கொசுறு, இல்லாவிட்டால் “கட்டுப்படியாகாதும்மா” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். டீம் லீடிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அப்ரைசலில் தெரியும்.

சரியான சொல் நம்மிடம் ஆயிரம் வருடமாகவே இருக்கிறது: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் வரி வகைகளோடு அடிக்கடி வரும் சொல், கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய வேலை என்று பொருள். அர்த்தசாஸ்திரத்தில் வரும் ‘விஷ்டி’யோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். தெலுங்கில் ‘வெட்டி சாகிரி’. தெலங்கானாவில் 1946 வாக்கில் வெடித்த விவசாயிகள் போராட்டத்தில் அதை ஒழிப்பது ஒரு முக்கியக் கோரிக்கை. கன்னடத்தில் ‘பிட்டி’. வடக்கே ‘பேகார்’, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு பெயர் சொல்லியே தடை செய்திருப்பது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று அதே பிரிவின்படி 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், மறுத்தால் ஊரில் இருக்க முடியாது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நமக்கு ராஜினாமா இருக்கிறது, தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடோடு. ஆனாலும் கூலி இல்லை, மறுக்கவும் வழியில்லை என்ற இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்குள் தமிழில் வெட்டிக்குப் பயனில்லாதது, சும்மா இருப்பது என்று பொருள் மாறிவிட்டது. வெட்டிப் பேச்சு, வெட்டிப் பயல். கூலி கொடுக்காதவன் போய், வேலை செய்தவனே வெட்டியாகிவிட்டான். போன வாரம் அம்மாவிடம் “நேத்து அஞ்சு மணி நேரம் வெட்டிம்மா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஏன்டா, ஆபீஸ்ல வேலையே இல்லையா?” என்றார்.