பதிமூணு வயசுல மூலமா?

"மலத்துல ரத்தம் போகுது சார், மூலம்னு சொல்லி ஆறு மாசமா மருந்து குடுக்குறோம்"னு ஒரு அம்மா 13 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. கீழ் இமைய இழுத்துப் பாத்தா காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கு. அப்பா எங்கன்னு கேட்டேன். "அவர் தவறிட்டாரு, 36 வயசுல, குடல்ல கட்டி"ன்னாங்க, அவரோட அம்மாவும் ஏதோ வயித்து நோயில சீக்கிரமே போயிட்டாங்களாம். ஆறு மாசமா இத யாரும் கேக்கல, மூலத்துக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்களும் சொல்லல.

குழந்தைங்களுக்கு மூலம் வர்றது ரொம்ப அபூர்வம். ரத்தம் வந்தா பெரும்பாலும் மலச்சிக்கல்ல ஆசனவாய் கிழிஞ்சிருக்கும், இல்லன்னா ஒத்தை பாலிப், அதாவது குடல் உள்சுவர்ல சின்னதா ஒரு சதை வளர்ச்சி இருக்கும், அத எடுத்துட்டா கதை முடிஞ்சுது, அதனால பயந்துடாதீங்க. ஆனா இவனுக்கு ஆசனவாய் வழியா கேமரா டியூப் விட்டுப் பாக்குற கொலோனோஸ்கோபி பண்ணப்போ பெருங்குடல் முழுக்க வேர்க்குரு மாதிரி பாலிப், எண்ணவே முடியல.

இதுக்குப் பேர் ஃபெமிலியல் அடினோமேட்டஸ் பாலிபோசிஸ், நாங்க எஃப்ஏபின்னுவோம். ஏபிசிங்கிற ஜீன்ல கோளாறு, அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. பாலிப் பெரும்பாலும் டீன் ஏஜ்ல தலைகாட்டும், அப்படியே விட்டா 40 வயச ஒட்டி கிட்டத்தட்ட எல்லாருக்கும் கேன்சராயிடும். அதனாலதான் குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சா 10-12 வயசுலயே பாக்க ஆரம்பிக்கிறோம், பாலிப் பெருகுறதப் பொறுத்து டீன் ஏஜ் கடைசியிலயோ இருபதுகள்லயோ பெருங்குடல எடுத்துடுவோம். கேக்க கொடூரமாத்தான் இருக்கும், ஆனா அதுக்கப்புறமும் ஸ்கூல், வேலை எல்லாம் நடக்கும். இன்னொண்ணு, இந்த நோய் இருக்கிறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசாவும் வரும், அதனால "எங்க பரம்பரையில இல்லையே"ன்னு சொல்லிட்டு சும்மா இருக்க முடியாது.

பையனோட ஜீன்ல தப்பு எந்த இடத்துலன்னு கண்டுபிடிச்சிட்டு, அத மட்டும் அவன் தங்கச்சிக்கு ரத்தத்துல பாத்தோம், இல்ல. "அப்ப இவளுக்கு டியூப் விட வேண்டாமா?"ன்னு அந்தம்மா மூணு தடவ கேட்டாங்க. வேண்டாம்மா.

பையன் இப்ப வருஷா வருஷம் வர்றான், டெஸ்ட்டு பரவால்ல சார் அந்த பேதி மருந்த குடிக்கிறதுதான் கொடுமைங்கிறான். அவங்க சித்தப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கேன், ரெண்டு தடவ. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ங்கிறாராம்.