இலையை மறைக்கும் கை

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "கஞ்சா அடித்தால் ஆசையும் கூடும், நேரமும் கூடும் என்று ரூம்மேட் அடித்துச் சொல்கிறான். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. உண்மையா சார்?"

ரூம்மேட்டை ஒரேயடியாகப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. அவன் கையில் ஒரு ஆய்வே இருக்கலாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ சன், மைக்கேல் ஐசன்பர்க் என்ற இருவர் அமெரிக்க அரசின் குடும்பநல சர்வேயை எடுத்து அலசினார்கள். 25 முதல் 45 வயது வரை, ஐம்பதாயிரம் பேருக்கு மேல். முந்தைய ஒரு வருடத்தில் கஞ்சாவே தொடாத பெண்கள் நான்கு வாரத்தில் சராசரியாக 6 முறை உறவு கொண்டதாகச் சொன்னார்கள். தினமும் பிடிப்பவர்கள் 7.1 முறை. ஆண்களில் இது 5.6-க்கு 6.9. இந்த எண்கள்தான் "கஞ்சா அடித்தால் 20 சதவீதம் கூடுதல்" என்று தலைப்பாகி உலகம் சுற்றின. கஞ்சாதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே சொன்னதைத் தலைப்பு போட்டவர்கள் படித்த மாதிரி தெரியவில்லை. கஞ்சாவையும் துணிந்து தொடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் துணிந்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். தவிர, எத்தனை முறை என்பது வேறு, ஆசை என்பது வேறு. திருமணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் ஆய்வு உண்டு. 2010-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய சர்வே ஒன்றில், தினமும் கஞ்சா பிடிக்கும் ஆண்களிடம் உச்சத்தை எட்ட முடியாத சிக்கல் அதிகமாக இருந்தது. சிலருக்கு ரொம்ப சீக்கிரம், சிலருக்கு ரொம்பத் தாமதம்.

ஒரே சரக்கு, ஒருவருக்கு இப்படி, இன்னொருவருக்கு அப்படி. ஏன்? எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

1960-களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் என்ற இளம் வேதியியலாளர், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷ் (கஞ்சாப் பிசின்) ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி, பையில் போட்டு பஸ்ஸில் ஏறினார். என்ன வாசனை இது என்று பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்களாம். 1964-இல் அந்தச் சரக்கிலிருந்து போதை தரும் மூலக்கூறை அவரும் யெஹியேல் காவோனியும் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அதுதான் டி.எச்.சி. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட் குழுவினர், அந்த மூலக்கூறு போய் உட்காரும் ஏற்பி மூளையிலேயே இருப்பதைக் காட்டினார்கள். சி.பி.1 என்பது பெயர்.

பூட்டு இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி இருந்தாக வேண்டுமே. எங்கோ மலையில் முளைக்கும் செடியை நம்பி மூளை பூட்டு செய்து வைக்காது. 1992-இல் மெஷூலம் குழு அந்தச் சாவியைப் பன்றி மூளையிலிருந்து எடுத்தது. நம் உடம்பே தயாரிக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு. அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம்ம ஆனந்தம்தான். சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள். மூன்று வருடத்தில் 2-ஏ.ஜி. என்ற இன்னொரு சாவியும் கிடைத்தது. அளவில் மூளைக்குள் இதுதான் அதிகம்.

சரி, இந்தச் சாவிகள் என்னதான் செய்கின்றன?

பள்ளியில் படித்திருப்பீர்கள்: ஒரு நியூரான் வேதிப்பொருளைக் கொட்டும், அடுத்த நியூரான் வாங்கிக்கொள்ளும். கொடுக்கிறவர் எப்போதும் கொடுக்கிறவர், வாங்குகிறவர் எப்போதும் வாங்குகிறவர். ஒருவழிப் பாதை. 1990-களின் தொடக்கத்தில் எலிகளின் மூளைத் துண்டுகளில் மின்முனையைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. வாங்கும் செல்லைக் கொஞ்ச நேரம் கிளர்ச்சியடைய வைத்தால், கொடுக்கும் செல் சில பத்து விநாடிகளுக்குக் கொட்டுவதைக் குறைத்துக்கொண்டது. வாங்குகிறவருக்கு வயிறு நிறைந்த விஷயம் கொடுக்கிறவருக்கு எப்படித் தெரிந்தது? யாரோ பின்பக்கமாகச் சேதி சொல்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆனது. 2001-இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனிக் குழுக்கள் ஒரே பதிலைச் சொன்னன: உடம்பின் சொந்தக் கஞ்சா.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசையாக வருகிறார். உங்களுக்குப் போதும் என்றால் என்ன செய்வீர்கள்? வாய் நிறையச் சோறு, பேச முடியாது. இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்பீர்கள். அவர் கரண்டியை நிமிர்த்திக்கொண்டு அடுத்த இலைக்குப் போவார். 2-ஏ.ஜி. செய்வது அதைத்தான். வாங்கும் செல்லுக்குள் கால்சியம் ஏறியதும், அதன் சொந்தச் சவ்விலிருந்தே ஒரு கொழுப்பு வெட்டப்பட்டு அந்த மூலக்கூறு அங்கேயே உருவாகிறது. மற்ற நரம்புச் சரக்கு பெரும்பாலும் முன்கூட்டியே பையில் கட்டித் தயாராக இருக்கும். இது தேவைப்படும் நொடியில் செய்யப்படும் சரக்கு. அது இடைவெளியைப் பின்னோக்கிக் கடந்து, கொடுக்கும் செல்லின் முனையிலிருக்கும் சி.பி.1-இல் உட்காருகிறது. அந்த முனையில் கால்சியம் நுழையும் வாசல் சாத்திக்கொள்கிறது. கால்சியம் இல்லையென்றால் கொட்டுவதும் குறையும். வேலை முடிந்ததும் என்சைம்கள் மூலக்கூறை நறுக்கிப் போட்டுவிடும். கை விலகும்.

இந்த ஒரு சின்ன அமைப்பின் நாகரிகம் எனக்கு அலுப்பதே இல்லை. எந்த இலையில், எந்த நொடியில் தேவையோ, அந்த இலைக்கு மட்டும், அந்த நொடிக்கு மட்டும்.

டி.எச்.சி. யார் என்றால், அழைப்பில்லாமல் மண்டபத்துக்குள் வந்து எல்லார் இலையையும் மறைத்துக்கொண்டு நிற்கும் ஆள். சோறு வேண்டும் என்பவர் இலையையும்தான். அதுவும் சில விநாடி இல்லை, மணிக்கணக்கில்.

இப்போது ஆசைக்கு வருவோம். பரிமாறப்படுவது எல்லாமே சாம்பார் இல்லை. மூளையில் முடுக்கிவிடும் சரக்கு குளூட்டமேட். அடக்கும் சரக்கு காபா. இரண்டையும் பரிமாறுகிறவர்களிடம் சி.பி.1 இருக்கிறது. குளூட்டமேட்டைத் தடுத்தால் மூளை அடங்கும். காபாவைத் தடுத்தால், அடக்குகிறவரை அடக்கிய கதை, மூளை எகிறும். 2012-இல் சுண்டெலிகளில் இதைப் பிரித்தே காட்டினார்கள். குறைந்த அளவில் பயம் குறைவது குளூட்டமேட் முனைகளில் இருக்கும் ஏற்பிகளால். அளவு கூடும்போது பயம் ஏறுவது காபா முனைகளில் இருக்கும் ஏற்பிகளால். அதே மருந்து, அதே ஏற்பி, உட்கார்ந்த இடம்தான் வேறு.

படுக்கையறையிலும் இதே இருமுக ஆட்டம்தான். மெக்சிகோவில் ஆண் எலிகளுக்கு ஆனந்தமைடைக் குறைந்த அளவில் கொடுத்தபோது புணர்ச்சி சுறுசுறுப்பானது. கூட்டிக் கொடுத்ததும் மந்தமானது. பெண் எலியை விட்டாலும் ஏறெடுத்துப் பார்க்காத துறவி எலிகள் சில எப்போதும் இருக்கும். குறைந்த அளவு ஆனந்தமைடில் அவற்றில் பல துறவறத்தைக் கைவிட்டன. புதிதாக எதையும் அந்த மருந்து ஊட்டவில்லை, ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு தடை விலகியது என்றுதான் நான் படிக்கிறேன்.

அமெரிக்காவில் பாலியலை ஆராயும் கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சன் இருவரும் மனிதக் காமத்தை ஆக்சிலேட்டர், பிரேக் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பலருக்குச் சிக்கல் ஆக்சிலேட்டரில் இல்லை, பிரேக்கின் மேல் கால் அழுந்திக் கிடப்பதுதான். நம் ஊரில் அந்தக் காலை அழுத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கு, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டிய "வாலிப வயோதிக அன்பர்களே" நோட்டீஸ், லாட்ஜில் ரூம் போட்டு வாராவாரம் வரும் வைத்தியர். விந்து போனால் உயிரே போகும் என்று நடுங்கும் ஆண்களின் அவஸ்தைக்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் 'தாத் நோய்க்குறி' என்று பெயரே வைக்க வேண்டியிருந்தது. காமேஸ்வர மோதகம் போன்ற பழைய ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேர்மானம் உண்டு. அது வேலை செய்த இடங்களில், வீரியத்தைக் கூட்டியதைவிடப் பயத்தைக் குறைத்ததே காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஊகத்தோடு நிற்க வேண்டியிருப்பதற்குப் பணமும் சட்டமும் காரணம். அமெரிக்காவில் 1968-இலிருந்து 2021 வரை ஆராய்ச்சிக்கான கஞ்சாவை வளர்க்க மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் அரசு அனுமதி. கெடுதல் என்ன என்று கேட்கும் ஆய்வுக்குக் கிடைத்த பணம், தம்பதிகளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதற்குக் கிடைக்கவில்லை. இங்கோ கஞ்சா செய்தி என்றால் போலீஸ் மேஜையில் அடுக்கிய பொட்டலங்களும் பின்னால் நிற்கும் அதிகாரிகளும்தான். விருந்தில் யார் இலையை மறைக்கிறார்கள் என்று பார்க்க நம் ஆய்வகங்களுக்கும் நாலு காசு கொடுத்தால் என்ன?

மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. 2015-இல் டென்மார்க்கில் 1,215 இளைஞர்களைச் சோதித்ததில், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் புகைத்தவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. அப்புறம், நம் பக்கத்தில் சிகரெட்டை உதிர்த்துப் புகையிலையோடு கலந்துதான் பிடிக்கிறார்கள். எழுச்சிக்கு ரத்தக்குழாய் விரிய வேண்டும். புகையிலை அதற்கு நேர் எதிரி. சின்ன அளவோடு பிடிபட்டாலே ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம்.

மிச்சம் இருப்பது 'நேரம் கூடும்' என்ற பகுதி. டி.எச்.சி. மூளையின் உள்கடிகாரத்தை வேகமாக ஓட வைக்கிறது; அதனால் வெளியே நடப்பது நீளமாகத் தெரிகிறது. ஆய்வகத்தில் ஒரு நிமிடம் ஆனதும் சொல் என்றால், போதையில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

ஆய்வகத்துக்கு முன்பே எனக்கு இது தெரியும். கல்லூரி விடுதி மொட்டைமாடியில் ஒரு ராத்திரி, என் அறைத் தோழன் செல்போனில் காதலியோடு பேசிவிட்டு, கண் சொருக, நிதானமாக வந்து உட்கார்ந்தான். "ஒரு மணி நேரம்டா. எல்லாத்தையும் பேசிட்டோம்" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன். அழைப்பு நேரம் ஏழு நிமிடம் பத்து விநாடி என்று காட்டியது. அவனிடம் நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, போனில் ஏதோ கோளாறு, நாளைக்குக் கடையில் காட்ட வேண்டும் என்றான்.