மருத்துவக் காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விடுதல்: இங்கிலாந்தின் வரவு விதிகள்

இங்கிலாந்தில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராத ஒவ்வொரு அரை நாளுக்கும் வரவுப் பதிவில் ஓர் ஆங்கில எழுத்து விழும். அனுமதியோடு நின்றதா, அனுமதி இல்லாமல் நின்றதா, உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து தண்டக் கடிதம் வருமா என்பதையெல்லாம் அந்த எழுத்துத்தான் தீர்மானிக்கும். 2024 ஆகஸ்ட் 19 முதல் நாடு முழுவதற்கும் ஒரே எழுத்துப் பட்டியல், ஒரே தண்டக் கணக்கு. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் வேறு. இங்கே எழுதுவது இங்கிலாந்தின் அரச பள்ளிக்கூடங்களையும் அகடமிகளையும் பற்றி மட்டுமே.

மருத்துவத் தேவைக்குப் பிள்ளையை நிறுத்தச் சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. எங்கள் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, முன்கூட்டிக் கேட்காமல் விடுவது. மற்றது, வீட்டில் வேறு யாருக்கோ உள்ள வைத்தியசாலைச் சந்திப்பையும் பிள்ளையின் சந்திப்பு மாதிரியே நினைத்துக்கொள்வது.

முதலில் அரை நாள் கணக்கு

பள்ளிக்கூட நாள் காலை, பிற்பகல் என்று இரண்டு பங்கு. காலைப் பங்கு தொடங்கும்போது ஒரு தரம், பிற்பகல் பங்கில் ஒரு தரம் ரெஜிஸ்டர் (வரவுப் பதிவு) எடுப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருந்தால், பிறகு மருத்துவச் சந்திப்புக்காக வெளியே போனாலும் அந்தப் பங்கில் வராமை பதியப்படாது. இது பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் உதவக்கூடிய விதி.

பள்ளிக்கூடம் 8.45க்குத் தொடங்குகிறது, கண் கிளினிக் 10.30க்கு என்று வையுங்கள். பிள்ளையைக் காலையில் வழமைபோல விட்டுவிட்டு, 9.45க்குப் போய் ஒஃபிஸில் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போய், பிற்பகல் ரெஜிஸ்டருக்கு முன் திருப்பிக் கொண்டுவந்து விட்டால், அன்றைக்கு ஒரு பங்குகூடக் குறையாது. அதே பிள்ளையைக் காலையிலிருந்தே வீட்டில் வைத்திருந்து, கிளினிக் முடிந்ததும் “இனிப் போய் என்ன” என்று நிறுத்திவிட்டால் இரண்டு பங்கு போய்விடும். இருபது நிமிடப் பல் வேலைக்கு முழு நாளை அனுமதிக்கவேண்டிய கடமை பள்ளிக்கூடத்துக்கு இல்லை. சந்திப்புக்குத் தேவையான மிகக் குறைந்த நேரத்துக்குத்தான் விடுப்பு.

ஒழுங்காகத் தொடரும் சிகிச்சை உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு கல்வியாண்டில் 190 நாள், அதாவது 380 பங்கு. அதில் 10 சதவீதம், 38 பங்கு, தவறினால் அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து வராத பிள்ளை என்று கணக்கெடுப்பார்கள். பள்ளிக்கூடம் நடப்பது ஏறத்தாழ 38 கிழமை. கிழமைக்கு ஒரு காலைப் பொழுது பேச்சுப் பயிற்சிக்கோ பிசியோவுக்கோ போனாலே அந்த எல்லை வந்துவிடும். அனுமதியுள்ள மருத்துவ விடுப்பும் இந்த 10 சதவீதத்துக்குள் எண்ணப்படும். அதற்காகத் தண்டம் வராது. ஆனால் கடிதமும் கூட்டமும் வரும். கிளினிக்கில் நேரம் எடுக்கும்போதே “ரெஜிஸ்டர் எடுத்த பிறகு ஒரு நேரம் தாருங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

காலைச் சந்திப்பு முடிந்து பிந்தி வரும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். ரெஜிஸ்டரை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பது அரசின் வழிகாட்டல். மூடிய பிறகு காரணம் இல்லாமல் வந்தால் ‘யூ’ விழும். அது அந்தப் பங்கு முழுவதற்கும் அனுமதியில்லாத வராமை. சந்திப்பால் பிந்தினால் விழவேண்டியது மருத்துவச் சந்திப்புக்கான ‘எம்’. இது பிழையாகிப் போவது வரவேற்பறைத் திரையில்தான். பெரிய வகுப்புப் பிள்ளை தனியாக உள்ளே போய், காரணம் கேட்கும் இடத்தில் பிந்தியது என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவிடும். மருத்துவச் சந்திப்பு என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லி, கிளினிக் கடிதத்தின் படத்தையும் அன்றைக்கே ஒஃபிஸுக்கு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளையின் சொந்தச் சந்திப்பு: ‘எம்’

பிள்ளை வழக்கமாக யாருடன் வசிக்கிறதோ அந்தப் பெற்றோர் முன்கூட்டிக் கேட்கவேண்டும். மின்னஞ்சலோ பள்ளிக்கூடச் செயலியோ போதும். பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, திகதி, எந்த வைத்தியசாலையில் எந்தப் பிரிவு, சந்திப்பு நேரம், எத்தனை மணிக்குக் கூட்டிப்போய் எத்தனை மணிக்குத் திருப்பி விடுவீர்கள் என்பவற்றை எழுதி, சந்திப்புக் கடிதத்தின் படத்தை இணையுங்கள். நோயின் விவரம் தேவையில்லை என்று நினைத்தால் கடிதத்தில் அந்த வரியை மறைத்துவிட்டு அனுப்பலாம். பெயரும் திகதியும் நேரமும் தெரிந்தால் சரி. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பல் பரிசோதனை என்றால் இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டதால் அடுத்த பிள்ளைக்குக் காரணம் தெரியாத வராமை விழுவது அடிக்கடி நடக்கிறது.

சுகமில்லாமல் நின்றால்: ‘ஐ’

இதற்கு முன்அனுமதி கிடையாது, தேவையும் இல்லை. பள்ளிக்கூடம் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் அன்று காலையே அறிவிக்கவேண்டும். பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் நிற்கும் ஒவ்வொரு நாளும் அறிவிக்கச் சொல்லும். “சுகமில்லை” என்று மட்டும் சொல்லாமல் காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வீட்டில் வைத்திருக்கவேண்டும் என்பது அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஆலோசனை. கொப்புளிப்பான் வந்தால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை. சாதாரணத் தடிமன், இலேசான இருமலுக்கு அனுப்பலாம்.

காரணம் அறிவிக்காவிட்டால் முதலில் ‘என்’ விழும், காரணம் இன்னும் தெரியவில்லை என்று. 5 பள்ளி நாட்களுக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அது ‘ஓ’ ஆக மாறும். ‘ஓ’ என்பது அனுமதியில்லாத வராமை. உண்மையாகவே காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு, ஒரு தகவல் அனுப்பாததால் தண்டத்துக்குரிய எழுத்து விழுவது இப்படித்தான்.

மருத்துவச் சான்று பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு நோய்க்கும் சான்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கக்கூடாது என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது. நோய் உண்மையா என்று நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் கேட்கலாம். அப்போதும் ஜி.பி. (குடும்ப வைத்தியர்) கடிதம்தான் வேண்டும் என்று இல்லை. மருந்துச் சீட்டு, சந்திப்புக் குறுஞ்செய்தி, மருந்துப் போத்தலில் பிள்ளையின் பெயரோடு ஒட்டியிருக்கும் லேபிள் போன்றவற்றைக் காட்டலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுப்புக்குக் கடிதம் எழுதுவது ஜி.பி.யின் என்.எச்.எஸ். வேலையில் சேராது. எழுதினால் காசு கேட்பார்கள். அதற்காக அலையவேண்டாம்.

வீட்டில் இன்னொருவருக்கு என்றால்: ‘சி’

தங்கச்சிக்கு ஸ்கான், அம்மாவுக்கு சத்திரசிகிச்சை, அப்பாவுக்கு டயாலிசிஸ். பிள்ளையைத் தனியே விடமுடியாது, கூட்டிவர ஆள் இல்லை. இந்த இடத்தில் ‘எம்’ செல்லாது, அது பிள்ளையின் சொந்தச் சந்திப்புக்கு மட்டும். தவிர்க்கமுடியாத காரணம் என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அதுவும் பிள்ளையைப் பாதிக்கும் காரணத்தைத்தான் குறிக்கும், பெற்றோரின் நெருக்கடியை எடுக்காது.

மிஞ்சுவது ‘சி’: விசேட சூழ்நிலைக்குத் தலைமையாசிரியர் தரும் விடுப்பு. தருவதும் மறுப்பதும், எத்தனை நாள் என்பதும் அவர் முடிவு. ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். முன்கூட்டிக் கேட்டால்தான் தரமுடியும், போய்வந்து சொன்னால் அவர் விரும்பினாலும் கை கட்டப்பட்டிருக்கும். விடியற்காலையில் அம்புலன்ஸ் வந்த நாளாக இருந்தாலும் ரெஜிஸ்டர் எடுக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது இரண்டு வரி மின்னஞ்சல். அதை உறவினர் ஒருவரைக்கொண்டு செய்விக்காமல், முடிந்தவரை பெற்றோர் பெயரிலேயே அனுப்புங்கள்.

கேட்கும்போது, வேறு வழிகளை ஏற்கெனவே பார்த்ததை எழுதுங்கள். சந்திப்பை மாற்ற முயன்றது, காலைச் சாப்பாட்டு கிளப்பிலோ பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய கிளப்பிலோ இடம் கேட்டது, அயலவர் கூட்டிவரமுடியாதது என்பவையெல்லாம் முடிவெடுப்பவருக்கு உதவும். சில சமயம் பள்ளிக்கூடமே கிளப்பில் ஓர் இடம் தந்து பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இதில் மிகவும் மனதை வருத்துவது, அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ மொழிபெயர்க்கப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கூட்டிப்போவது. இதற்குத் தேவையே இல்லை. என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்பு எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடவேண்டும். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் தருவார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது அவர்களுடைய வழிகாட்டல்தான். தாயின் கட்டி பற்றிய செய்தியை முதலில் கேட்டு அவருக்குச் சொல்லும் சுமை பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

வீட்டில் நீண்ட நாள் நோயாளியைப் பிள்ளையும் சேர்ந்து பராமரிக்கிறது என்றால் அதை மறைக்காமல் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்ட இளம் பராமரிப்பாளர் என்ற நிலை சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடுவது கவுன்சிலின் கடமை. பெற்றோரும் கேட்கலாம், பிள்ளையும் கேட்கலாம். “பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்ற பயம் எங்கள் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. இந்த மதிப்பீடு செய்வது உதவிக்காகத்தான்.

ஊரில் யாருக்கும் வருத்தம் கடுமை என்றால்

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அப்பப்பா கடுமை என்று செய்தி வந்து தவணைக்குள் புறப்படவேண்டியிருந்தால், அதற்கும் ‘சி’தான். டிக்கெட் எடுக்குமுன் அல்லது எடுத்த அன்றே கேளுங்கள். வைத்தியசாலைக் கடிதம் இருந்தால் இணைத்து, திரும்பும் திகதியை எழுதுங்கள். மறுத்தும் போனால் ‘ஜி’ (அனுமதியில்லாத விடுமுறைப் பயணம்) அல்லது ‘ஓ’ விழும். தந்த விடுப்பு முடிந்தும் 10 பள்ளி நாள் தொடர்ந்து பிள்ளை வராமல், பள்ளிக்கூடமும் கவுன்சிலும் விசாரித்தும் நியாயமான காரணம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து எடுக்கமுடியும். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. அங்கே தங்கவேண்டிய நாள் கூடினால் அங்கிருந்தே எழுதுங்கள். பிள்ளைக்கே அங்கே சுகமில்லாமல் போனால் ஆங்கிலத்தில் ஒரு மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பதினைந்து நாளுக்கு மேல் என்றால்

நோயால் ஒரு பிள்ளை ஒரு கல்வியாண்டில் 15 பள்ளி நாள் அல்லது அதற்கு மேல் வரமுடியாது என்று தெரிந்தால், பொருத்தமான கல்வியை வேறு வழியில் ஒழுங்குசெய்வது கவுன்சிலின் கடமை. அடிப்படை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. 15 நாள் ஒரே தொடராக இருக்கவேண்டியதில்லை, விட்டுவிட்டு வந்தாலும் கூட்டுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடம் கவுன்சிலுக்கு அறிவிக்கவும் வேண்டும். “விசேட மருத்துவரின் கடிதம் வரட்டும்” என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தால், அந்தக் கடிதம் விரைவில் கிடைக்காதபோது ஜி.பி. போன்ற மற்ற மருத்துவப் பணியாளர்களிடம் விசாரிக்கவேண்டும் என்று வழிகாட்டலிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். வைத்தியசாலைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இரட்டைப் பதிவு செய்தால், அங்கே படிக்கும் நாட்களுக்குச் சொந்தப் பள்ளிக்கூடத்தில் ‘டி’ போடுவார்கள். அது வராமையில் சேராது.

தண்டம் எப்போது

10 பள்ளி வாரங்களுக்குள் 10 பங்கு, அதாவது 5 முழு நாள் அளவு, அனுமதியில்லாமல் போனால் தண்டம் பற்றி யோசிக்கவேண்டும் என்பது நாடுதழுவிய எல்லை. ‘ஓ’, ‘ஜி’, ‘யூ’ மூன்றும் இதில் கூட்டப்படும். ‘எம்’, ‘ஐ’, ‘சி’ சேராது. முதல் தடவை 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், அதற்குப் பிந்தி 28 நாளுக்குள் என்றால் 160. மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு அதே பெற்றோருக்கு இரண்டாம் தடவை என்றால் நேரே 160. மூன்றாம் தடவைக்குத் தண்டச் சீட்டு கிடையாது, நீதிமன்றம் வரை போகலாம். அங்கே உச்சத் தண்டம் 2,500 பவுண். சீட்டு ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் நாலு சீட்டு, உடனே கட்டினாலும் 320 பவுண்.

தண்டச் சீட்டுக்கு எதிராக மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இல்லை. அதனால் எழுத்தை முதலிலேயே திருத்துவதுதான் வழி. தவணைக்கு ஒரு தரமாவது செயலியில் பிள்ளையின் வரவைப் பாருங்கள், அல்லது ஒஃபிஸில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பிழையான எழுத்து இருந்தால் திகதி, காலையா பிற்பகலா, இப்போது உள்ள எழுத்து, இருக்கவேண்டிய எழுத்து, நீங்கள் அறிவித்த மின்னஞ்சலின் பிரதி என்று எழுதி அனுப்புங்கள். பள்ளிக்கூடம் பதிவைத் திருத்தலாம். பழைய எழுத்து, புதிய எழுத்து, காரணம், திருத்தியவர், திகதி எல்லாம் பதிவில் தெரியும்படி இருக்கவேண்டும், அவ்வளவுதான். சீட்டு ஏற்கெனவே வந்துவிட்டால், 21 நாள் ஓடிக்கொண்டிருப்பதை மறக்காமல், திருத்திய பதிவின் பிரதியோடு கவுன்சிலுக்கு உடனே எழுதி, பிழையாக வழங்கிய சீட்டை மீளப்பெறச் சொல்லிக் கேளுங்கள்.