பெற்றோர் இறகு மாற்றும்போது பட்டினி கிடக்கும் குஞ்சுகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், டேபிள் வியூ பகுதியில் இருக்கிறது சான்காப் என்ற கடற்பறவை மீட்பு மையம். 1968இல் தொடங்கப்பட்டது. ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே பெட்டி பெட்டியாக ஆப்பிரிக்கப் பென்குயின் குஞ்சுகள் வந்து இறங்கும். பல குஞ்சுகள் எலும்பும் தோலுமாக இருக்கும். தாயும் தகப்பனும் செத்துப்போனதால் வந்தவை அல்ல. பெற்றோர் உயிரோடு கரையில்தான் நிற்கின்றன. இரை தேடிக் கடலில் இறங்கத்தான் முடியவில்லை.

காரணம் இறகு. பெரும்பாலான பறவைகள் இறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். பென்குயின் அப்படியல்ல. ஆண்டுக்கு ஒருமுறை மொத்த இறகையும் ஒரேயடியாக மாற்றிவிடும். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை உடலில் தண்ணீர் புகாமல் காக்கும் போர்வை கிடையாது. பெங்குவெலா நீரோட்டம் ஓடும் அந்தக் கடலின் குளிரை அது தாங்காது. ஆகவே முன்கூட்டியே வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, கரையிலேயே பட்டினி கிடக்கும். மீன் தாராளமாகக் கிடைத்தால் குஞ்சுகள் அதற்குள் வளர்ந்து கடலுக்குப் போயிருக்கும். மத்தியும் நெத்திலியும் குறைந்துபோனால் குஞ்சின் வளர்ச்சி தாமதப்படும். பெற்றோரின் உடலோ காத்திருக்காது; இறகு உதிரத் தொடங்கிவிடும்.

இந்த இடைவெளியில் சிக்கிய குஞ்சுகளைத்தான் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். சின்னக் குஞ்சுகளை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, மீனையும் வைட்டமின்களையும் அரைத்த கூழைக் குழாய் பொருத்திய சிரிஞ்சால் ஊட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் முழு மத்தி. ஊட்டுபவர் குஞ்சைத் தன் கால்களுக்கிடையே பிடித்து, அலகைத் திறந்து, மீனைத் தலைப்பக்கமாக உள்ளே விட வேண்டும். வால்பக்கமாக விட்டால் செதிலும் துடுப்பும் தொண்டையில் குத்தும். உறையவைத்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும் என்பதால் அதைத் தனியாகச் சேர்ப்பார்கள். அலகு கத்தி மாதிரி. தடித்த கையுறை இல்லாமல் கை வைக்க முடியாது.

ஊட்டுவதைவிடக் கழுவுவதுதான் அதிக வேலை. எச்சம் படிந்த விரிப்புகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். காற்றோட்டம் கெட்டால் நுரையீரலில் பூஞ்சை பிடிக்கும். கொசு கடித்தால் பறவை மலேரியா வரும். ஊட்டும்போது சிந்தும் மீன் எண்ணெய்கூட ஆபத்துதான். இறகில் ஒட்டினால் தண்ணீர் உள்ளே புகும். கொஞ்சுவதற்கு அங்கே இடமில்லை. மனிதரை நம்பிப் பழகிய பறவைக்குக் காட்டு வாழ்க்கை கடினம்.

குஞ்சின் பழுப்புத் தூவி உதிர்ந்து நீலச்சாம்பல் இறகு முளைத்த பிறகுதான் விடுதலை. எடை போதுமா, இரத்தப் பரிசோதனை சரியா, நீந்தி ஏறிய பிறகும் தோல் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள்.

மீன் பிடிக்க யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி எழலாம். தேவையே இல்லை. இயற்கையில் வளரும் ஆப்பிரிக்கப் பென்குயினும் பெற்றோர் துணையின்றித் தனியாகத்தான் முதன்முதலாகக் கடலில் இறங்குகிறது. கையால் வளர்ப்பது இந்தப் பறவையிடம் பலிப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இப்படி வந்த 841 குஞ்சுகளில் சுமார் 91 சதவீதம் மீண்டும் கடலுக்குப் போயின. இயற்கையாக வளர்ந்தவற்றைப் போலவே அவையும் பிழைத்திருந்ததும் பின்னர் இனப்பெருக்கம் செய்ததும் ஆய்வில் தெரியவந்தது. கையால் வளர்த்த இளம் பறவைகளை 2021 முதல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் உள்ள டி ஹூப் இயற்கைக் காப்பகத்தில் விட்டு, பறவைகளை ஈர்க்கப் பொம்மைப் பென்குயின்களையும் பென்குயின் குரலின் ஒலிப்பதிவையும் வைத்துப் புதிய குடியிருப்பு ஒன்றை உருவாக்க முயல்கிறார்கள்.

ஆனாலும் 2024இல் இந்த இனம் மிக மோசமான அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவு. குஞ்சுகளை எவ்வளவு அக்கறையாக வளர்த்து அனுப்பினாலும், போகிற கடலில் மீன் இருக்க வேண்டுமே! அதற்காகச் சான்காப் இன்னோர் அமைப்புடன் சேர்ந்து நீதிமன்றம் போனது. 2025 மார்ச்சில், ஆறு முக்கியக் குடியிருப்புகளைச் சுற்றி வணிகப் படகுகள் மத்தி, நெத்திலி பிடிக்கக் கூடாத பகுதிகளுக்கான எல்லை நீதிமன்ற உத்தரவாகவே வந்தது.