100-ஐ விட 95 பெரியதா?

மதிப்பெண் பட்டியலைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஏற்றி, பட்டியலில் பெரியதைத் தேடித் தரும் மேக்ஸ் (max) கட்டளையைப் போட்டுப் பார்த்தால், 100 வாங்கிய பிள்ளை இருக்கும்போதே 95 என்று விடை வருகிறதே, எப்படி என்று ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். கோப்பிலிருந்து படித்தவை எண்களாக வரவில்லை, எழுத்துகளாக வந்திருக்கின்றன, அவ்வளவுதான். எழுத்து என்றால் அகராதி வரிசை: முதல் எழுத்திலேயே 9-உம் 1-உம் மோதுகின்றன, 9 ஜெயிக்கிறது, மீதியை யாரும் பார்ப்பதே இல்லை. இன்ட் (int) என்ற கட்டளையைப் போட்டு எண்ணாக மாற்றினால் 100 வந்துவிடும்.

சரி, மேக்ஸ் உள்ளே என்ன செய்கிறது? முதல் எண்ணைக் கையில் எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து வருவதோடு ஒப்பிடும், வந்தது பெரியதென்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். சமம் என்றால் மாற்றாது. 10 லட்சம் எண்களுக்கு 9,99,999 ஒப்பீடுகள்; இதைக் குறைக்க வழியே இல்லை, ஏனென்றால் பெரியதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது தோற்றாக வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நன்றாகக் கலைத்துப் போட்ட, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத அந்த 10 லட்சத்தில் கையில் இருப்பது எத்தனை தடவை மாறும்? ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். சராசரியாக 13 தடவை! இரண்டாவது எண் முதலாவதை விடப் பெரியதாக இருக்க வாய்ப்பு 1/2; மூன்றாவது எண் அதுவரை வந்த மூன்றில் பெரியதாக இருக்க 1/3; நூறாவதுக்கு 1/100. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 10 லட்சத்தில் 13.4 வரும், ஒரு கோடிக்குப் போனாலும் 15.7-தான்.

மழைக்கும் இதே கணக்குதான். காலநிலை மாறாமல் இருந்தால், ஓர் ஊரின் 100 ஆண்டுப் பதிவில் முதல் ஆண்டையும் சேர்த்துச் சுமார் 5 தடவைதான் 'இதுவரை பெய்யாத மழை' வரும். பல ஊர்களில் அதைவிட அடிக்கடி வந்தால் ஏதோ மாறுகிறது என்று அர்த்தம். இதைச் சொல்ல நூறு வருடம் விடாமல் அளந்த குறிப்பு வேண்டுமே! மழைமானிக்கு ஒதுக்கும் காசை வீண் செலவு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அப்புறம், ஆசிரியருக்கு இன்னொன்று. தேர்வுக்கு வராதவரின் இடம் சில சமயம் 'எண் அல்ல' என்ற குறியோடு உள்ளே வரும். அதைவிட நீ பெரியதா என்று எந்த எண்ணைக் கேட்டாலும் இல்லை என்றுதான் விடை; எந்த எண்ணை விடவும் நீ பெரியதா என்று அதைக் கேட்டாலும் இல்லைதான். அதனால் பட்டியலின் முதலிலேயே அது இருந்தால் கடைசி வரை அதுவே கையில் நிற்கும், நடுவில் இருந்தால் தொந்தரவு இல்லை. அந்த இடங்களை நீக்கிவிட்டு மேக்ஸ் போடுங்கள்.